வடம் பிடித்தவர்கள்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே மாடி வராந்தாவில் நின்று பார்த்தபோது வடத்தின் நனைந்த பகுதி மூன்றாவது ஆளின் கைவரை வந்திருந்தது. மதியம் சாப்பிட்டு, கை கழுவி, ஈரக் கையை உதறிக்கொண்டே வந்து பார்த்தபோதும் அது மூன்றாவது ஆளின் கையிலேயே இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கீழே, இரண்டு பக்கமும் பாறைகள் கடலுக்குள் நீண்டு வளைத்திருந்த சின்ன மணல் துண்டில் பதினான்கு பேர் வரிசையாக நின்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டுப் பருமன் இருந்த அந்த வடம் தண்ணீருக்குள்ளிருந்து சாய்வாக எழுந்து, பதினான்கு ஜோடிக் கைகளுக்குள் புகுந்து, கடைசி ஆளுக்குப் பின்னால் மணலில் நாலைந்து சுற்றாகக் கிடந்தது. எல்லோரும் ஒரே மூச்சில் பின்னால் சாய்ந்தார்கள். ஒரே மூச்சில் நிமிர்ந்தார்கள். காலையிலிருந்து இழுத்த கயிறு இதற்குள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருக்க வேண்டும்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன். காலையிலேர்ந்து இழுக்கறாங்க, கயிறு வரவே மாட்டேங்குது."

"லீவுல வந்தும் அடுத்தவன் வேலையை மேற்பார்வை பாக்கற ஒரே ஆள் நீதான், டாக்டரம்மா," என்றார் அவள் கணவர் கட்டிலிலிருந்து.

அவள் டாக்டர் இல்லை. பதினேழு வருஷமாக ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். ஒரு நாளைக்கு அறுபது கைகள். முகத்தை மறந்துவிடுவாள், கையை மறக்கமாட்டாள். அவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர். பழகுகிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்தே காலம் போனதில், தூக்கத்திலும் அவர் கால் வெட்டி வெட்டி மிதிக்கும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைப்பதற்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது. பத்து வயதுப் பெண்ணை அவளுடைய அக்கா வீட்டில் விட்டுவிட்டு, நாலு நாளைக்கு என்று கிளம்பி, நேற்று சாயங்காலம்தான் வந்து இறங்கியிருந்தார்கள்.

பாறைக்கு மேல் தனியாக நின்ற அந்த வீடு ஒரு காலத்தில் மீனுக்கு உப்புப் போட்டு வைக்கிற கிடங்காக இருந்ததாம். வெள்ளையடித்த கல் சுவர்களில் இன்னமும் உப்பு பூத்துப் பூத்து உதிர்ந்தது. போர்வையை எவ்வளவு உதறினாலும் ஈரம் போகவில்லை. படுத்தால் தலையணைக்குள்ளிருந்து பழைய கருவாடும் தாரும் கலந்த ஒரு நெடி மெதுவாக எழுந்து மூக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. கீழே குடியிருப்பு என்று பத்து வீடுகள். கவிழ்த்துப் போட்ட படகுகளின் பலகை இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. இவ்வளவு மீன் வாசனை உள்ள இடத்தில் ஒரு காக்காய் இல்லை, ஒரு கடற்பறவை இல்லை. அது ஏன் என்று அவள் நேற்றே யோசித்தாள். சாவி கொண்டுவந்து கொடுத்த பெண்மணியிடம் கேட்க நினைத்தாள். அந்தம்மாவோ, "ரெண்டு பேர்தானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படி இறங்கிப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு அவர் எழுந்து சோம்பல் முறித்தார். "வா, போய் ஒரு கை போடுவோம். விளம்பரத்துலயே போட்டிருந்தானே, மீனவர்களோட சேர்ந்து வலை இழுக்கலாம்னு."

"நீங்க போங்க. எனக்கு என்னவோ போல இருக்கு."

"உப்புக் காத்து. பழகிடும்."

கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கை கொடுக்காமல் இருக்க முடியாத மனுஷன். ரோட்டில் யாராவது பஞ்சர் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தால் கூட வண்டியை நிறுத்திவிடுவார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் இறங்கினாள்.

பாறையில் வெட்டிய படிகள் நூற்றுக்கு மேல் இருந்தன. இறங்க இறங்க அலைச்சத்தம் கூடுவதற்குப் பதில் அடங்கிக்கொண்டே வந்தது. கீழே மணலில் கால் வைத்தபோது கேட்டது ஒரே ஒரு சத்தம்தான், பதினான்கு பேர் சேர்ந்து மூக்கால் விடும் மூச்சு. ஹ்ம். கொஞ்சம் இடைவெளி. ஹ்ம். இழுக்கிறவர்கள் பாடுவார்கள், ஏதாவது கத்துவார்கள், ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்வார்கள் என்று நினைத்திருந்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்னால் தண்ணீரில் கணுக்கால் நனைய நின்ற மூன்று பேர் பார்த்தாலே கடல் தொழில் செய்கிறவர்கள் என்று தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் முழங்கால்வரை மடித்துவிட்ட ஆபீஸ் பேண்டோடு ஒருவர். தொப்பி போட்ட ஒரு பெண். அந்த ஓலைத் தொப்பியின் விளிம்பெல்லாம் உதிர்ந்து, நடுக்குழி மட்டும் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் கேமரா தொங்க ஒரு வாலிபன்.

கேமராவின் கண் இருந்த இடத்தில் சிப்பி வளர்ந்திருந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவர் அதற்குள் வரிசையின் கடைசிக்குப் போயிருந்தார்.

"சார், நானும் ஒரு கை போடலாமா?"

யாரும் திரும்பவில்லை. "ஏங்க, வேண்டாம்," என்றாள். அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, பதினான்காவது ஆளுக்குப் பின்னால் காலை ஊன்றி, இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்தார்.

"அப்பா! என்ன கனம்! ஒரு போட்டோ எடு. ஆபீஸ்ல எவனும் நம்பமாட்டான்."

எடுத்தாள். படத்தில் அவர் ஒருத்தர்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் ஆனது. "போதும், வாங்க" என்றாள். "இரு, இப்பத்தான் பிடிபடுது" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டதற்கு, "நடுவுல விட்டா நல்லா இருக்காதுல்ல" என்றார். அவள் கவிழ்ந்த படகு ஒன்றின் மேல் உட்கார்ந்து மணலைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். பாறைகளின் நிழல் நீண்டு மணலை மூடியது. காற்று நின்று, உடம்பில் உப்பு பிசுபிசுத்தது. அப்போதுதான் கவனித்தாள். அவரும் பேச்சை நிறுத்தியிருந்தார். அவர் மூச்சும் அந்த மூச்சுகளோடு சேர்ந்திருந்தது. ஹ்ம்.

"ஏங்க."

"டாக்டரம்மா," என்றார் மெதுவாக, திரும்பாமலே. "விரல் திறக்கல."

அவள் சிரித்தாள். இப்படி விளையாடுகிறவர்தான். கல்யாணமான புதிதில் கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டதாக நடித்து அவளை அழவைத்திருக்கிறார். ஆனால் அவர் பிடரியில் வேர்வை வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சிரிக்கவில்லை.

ஊசிக்குப் பயந்து கையை இறுக மூடிக்கொள்ளும் குழந்தைகளுக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். மணிக்கட்டின் உள்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் எப்பேர்ப்பட்ட பிடியும் தானாகத் திறந்துகொள்ளும். அழுத்தினாள். திறக்கவில்லை. அவருடைய சுண்டுவிரலுக்கு அடியில் நகத்தை நுழைக்கப் பார்த்தாள். நுழைய இடமில்லை. கை எங்கே முடிகிறது, கயிறு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்கும் தெரியவில்லை, விரலுக்கும் தெரியவில்லை. முன்னால் நின்றவரின் கையைப் பார்த்தாள். புறங்கையில் நரம்பு புடைத்திருந்தது. மூன்று நரம்புகள். மூன்றும் ஒன்றையொன்று சுற்றிப் புரி புரியாக முறுக்கிக்கொண்டு முழங்கைவரை ஏறியிருந்தன.

மூன்று லட்சம் கை பார்த்திருப்பாள். இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சாவி கொடுத்த பெண்மணி ஒரு தகர வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்தாள். வரிசையின் முன்னாலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொருவர் வாயிலும் கரண்டியால் தண்ணீர் ஊற்றி, தாடையைத் துடைத்துவிட்டாள். ஏழாவது ஆளிடம் மட்டும் நின்றாள். கொண்டையிலிருந்து சீப்பை உருவி அவன் தலையை வகிடெடுத்து வாரிவிட்டாள்.

"என் வீட்டுக்காரர்," என்றாள், கேட்காமலே. "ஆறு வருஷமாச்சு."

"அக்கா, என்னக்கா இது? அவரை விடச் சொல்லுங்கக்கா."

"நான் சொல்லி யாரு விட்டா?"

"நேத்தே ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா இறங்கி வந்திருப்பீங்களா?" அந்தம்மாவின் குரலில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. நாள் முழுக்க வேலை செய்த அலுப்பு மட்டும் இருந்தது. "ஒரு ஆள் குறைஞ்சு போச்சு. போன வாரம் முன்னாடி நின்ன பெரியவர் உள்ள போயிட்டாரு. பதினாலு பேரால ரொம்ப நாள் தாங்காது, பதினஞ்சு பேர் இருந்தாத்தான் நிக்கும்."

"எது நிக்கும்?"

பெண்மணி கடலைப் பார்த்தாள். "இவங்க இழுக்கறாங்கன்னு நினைச்சீங்களா? இழுக்கல. புடிச்சுக்கிட்டு இருக்காங்க. இழுக்கறது அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் யாரு?"

பெண்மணி கரண்டியை வாளிக்குள் போட்டாள். அவள் பெண்மணியின் இடுப்பில் செருகியிருந்த கத்தியையே பார்த்தாள். அந்தம்மா அதை உருவி, பிடியைத் திருப்பி அவள் கையில் கொடுத்தாள். "வெட்டிப் பாக்கணும் அவ்வளவுதானே? நானும் பாத்தேன்."

அவள் அதை வாங்கிக்கொண்டு போய், தன் கணவரின் கைக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி வடத்தில் கத்தியை வைத்து அறுத்தாள். ஒரு புரி அறுந்தது.

அவர் அலறினார். அவர் மட்டும் இல்லை, பதினைந்து பேரும். அந்த அலறல் பாறையில் மோதித் திரும்பி வருவதற்குள் அறுந்த புரியிலிருந்து ஏதோ அவள் விரல்களில் வழிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குப் பரிசோதனை தேவைப்படவில்லை. அந்த இரும்பு வாசனையில்தான் அவள் பதினேழு வருஷம் சோறு சாப்பிட்டிருக்கிறாள். கத்தி மணலில் விழுந்தது.

"புள்ள இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள் பெண்மணி.

"ஒரு பொண்ணு."

"அப்ப கிளம்புங்க. வெளிச்சம் இருக்கும்போதே போயிடுங்க. நான் அவருக்குத் தண்ணி கொடுக்கறேன், தலை வாரி விடறேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். அவரைப் புடிச்சு இழுக்காதீங்க. இந்தப் பக்கம் குறையவும் கூடாது, கூடவும் கூடாது."

அவள் அவர் முன்னால் போய் நின்றாள். அவர் கண்கள் கடலிலிருந்து அவள் பக்கம் திரும்புவதற்கு, கெட்டித் தேனுக்குள் அசைவதுபோல, நேரம் எடுத்துக்கொண்டன. உதட்டில் அதற்குள் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"கார் சாவி பாக்கெட்ல இருக்கு," என்றார். "எடுத்துக்கிட்டுப் போ. அவ ஆறு மணிக்கு போனுக்குக் காத்துக்கிட்டிருப்பா."

"நான் எங்கயும் போகல."

"போ. கிளட்சை மெதுவா விடு. எப்பவும் டக்குனு விட்டுடுவே."

சாவியை எடுத்தாள். அவர் தொடை கட்டையாக இறுகியிருந்தது. அவர் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள். வேறு எதையும் வைக்கப் பயமாக இருந்தது. பிறகு திரும்பிப் பார்க்காமல் படி ஏறினாள். மேலே போனால் சிக்னல் கிடைக்கும். யாரையாவது கூப்பிடலாம். போலீஸ். ஆஸ்பத்திரி. தீயணைப்பு. யாரிடம் என்ன சொல்வது? என் கணவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார் என்றா? பத்துப் படி. இருபது. மூச்சு இளைத்தது. பெண்ணின் முகத்தை நினைத்துக்கொண்டே ஏறினாள். நாற்பது.

"அம்மா!"

கீழேயிருந்து அவர் குரல். அவர் தன் அம்மாவைக் கூப்பிட்டு அவள் கேட்டதேயில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மாவை இழந்தவர்.

திரும்பினாள். அவள் அறுத்ததில் ஒரு புரி குறைந்த வடத்தோடு வரிசை முழுவதும் கடலை நோக்கி வழுக்கிக்கொண்டிருந்தது. முப்பது குதிகால்கள் மணலில் நீளமான கோடுகள் கிழித்தன. முதல் ஆள் தண்ணீரில் இடுப்புவரை இருந்தான். மார்புவரை. கழுத்து. கையை விடவில்லை, கத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு அலை வந்து போனது. அவன் இருந்த இடத்தில் வடம் மட்டும் தண்ணீருக்குள் இறங்கியது.

பதினான்கு.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு செருப்பு படியில் எங்கோ கழன்று விழுந்தது. முழங்கால் எதிலோ உரசிக் கிழிந்தது. ஓடிப்போய் அவருக்குப் பின்னால் நின்று, வடத்தைத் தொடாமல், அவர் இடுப்பைச் சுற்றி இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, குதிகாலை மணலில் ஊன்றிச் சாய்ந்தாள். வழுக்கல் நின்றது.

"அவ்வளவுதான்! புடிச்சா போதும்!" பெண்மணி கத்தினாள். "இழுக்காதீங்க!"

அவள் காதில் விழுந்தது. கேட்கத்தான் முடியவில்லை. பதினொரு வருஷம் பக்கத்தில் படுத்த உடம்பு அது. அதைக் கடலுக்குள் விட்டுவிட்டு எந்த முகத்தோடு பெண்ணிடம் போய் நிற்பது? பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அவள் முதுகு இறங்கியது. ஒரு விரற்கடை. ஒரு சாண். அவர் அவளோடு பின்னால் வந்தார். அவர் முன்னால் நின்றவர் வந்தார். எல்லோரும் வந்தார்கள். இறுகிய முகங்களில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. ஒருத்தர் பின் ஒருத்தராக உதடுகள் விரிந்தன.

"வருது," என்றார் அவள் கணவர். அவர் குரலில் சந்தோஷம். "வருது, வருது. இழு."

இழுத்தாள். முழம் முழமாக வந்தது. நனைந்த வடம் மூன்றாவது ஆளைத் தாண்டி, ஏழாவது ஆளைத் தாண்டி, வழவழவென்று கறுத்து வந்தது. வாளி உருளும் சத்தம் கேட்டது. ஓரக்கண்ணில் பார்த்தாள். ஆறு வருஷமாகத் தினமும் இறங்கிவந்த அந்தப் பெண்மணி படியில் நாலு காலில் ஏறி ஓடிக்கொண்டிருந்தாள். தன் புருஷனைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போதும், நிறுத்திவிடலாம் என்று அவள் நினைத்தாள். கையை எடுக்கப் பார்த்தாள்.

அவர் வயிற்றின் மேல் கோத்திருந்த விரல்கள் அசையவில்லை. மறுபடி முயன்றாள். விரல்கள் எவை என்றே தெரியவில்லை. அவர் மூச்சு விட்டபோது அவள் நெஞ்சு ஏறி இறங்கியது.

ஹ்ம்.

சூரியன் கடல் விளிம்பில் இருந்தது. வெளிச்சம் நேராக அலைகளுக்குள் பாய்ந்தது. தூரத்தில் ஒரு அலை எழும்பிச் சுவராக நின்றபோது அது பச்சைக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவி நின்றது. உள்ளே நிழல்கள்.

நிற்கிற நிழல்கள்.

அலை உடைந்தது. வெறும் நுரை.

அடுத்த அலை எழும்பியது. இன்னும் பக்கத்தில். உள்ளே வரிசையாக ஆட்கள். இந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள். வடத்தைப் பிடித்திருந்தார்கள். பின்னால் சாய்ந்தார்கள், நிமிர்ந்தார்கள். வரிசை உள்ளே, இருட்டுக்குள், முடிவில்லாமல் போனது.

அலை உடைந்தது.

கண்ணை மூடப் பார்த்தாள். மூடவில்லை. இமை மறந்துவிட்டது.

"ஏங்க. விடுங்க. விடச் சொல்லுங்க."

"இழு," என்றார்.

அவள் உடம்பு இழுத்தது.

அடுத்த அலை. முன்னால் நின்றவர்களின் விரல்கள் தெரிந்தன. நகங்கள் தெரிந்தன. வாய்கள் திறந்திருந்தன. அத்தனை வாய்களும் ஒன்றாக.

உடைந்தது.

இன்னொரு அலை. சின்னதுதான். முழங்கால் உயரம்கூட இல்லை. கரைக்கு வந்து, வரிசையின் முதல் ஆளுடைய காலைச் சுற்றி நுரைத்து, மணலை அரித்துக்கொண்டு, சலசலவென்று திரும்பிப் போனது.

அவர்கள் திரும்பிப் போகவில்லை. ஈர மணலில் நின்றிருந்தார்கள்.